நிலத்துக்கு எத்தனை மில்லி? உப்புவெளி வீட்டில் இரண்டு தடவை ஊற்றிய அனுபவம்

எங்கள் ஒழுங்கையில் இப்போது இரண்டு வீட்டுக்காரர் நிலத்துக்கு செல்ஃப் லெவலிங், அதாவது மேடு பள்ளத்தை மட்டமாக்க ஊற்றும் இளகிய சீமெந்துக் கலவை, ஊற்ற யோசிக்கிறார்கள். இருவரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: எத்தனை மில்லி (மில்லிமீற்றர்) தடிப்பில் ஊற்றினால் சரி? அவர்களுக்கு வாயால் சொன்னதை இங்கே முழுதாக எழுதி வைக்கிறேன். எனக்கு அந்த நேரத்தில் யாராவது இதைச் சொல்லியிருந்தால் 2 இலட்சம் ரூபாவுக்கு மேல் கையில் மிஞ்சியிருக்கும். அம்மாவும் ஒரு மாரிகாலம் முழுக்கப் பெரியம்மா வீட்டில் போய்க் கிடந்திருக்கத் தேவையில்லை.

எங்கள் வீடு திருகோணமலை உப்புவெளியில், கடற்கரையிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. முன்பக்கம் அப்பா கட்டியது, சிவப்புச் சீமெந்து நிலம். அம்மா கிழமைக்கு ஒருமுறை முழங்காலில் நின்று பொலிஷ் போட்டுத் தேய்த்துத் தேய்த்து வளர்த்த நிலம் அது. பின்னால் ஒரு அறையும் குசினியும் பிற்பாடு சேர்த்துக் கட்டியவை. கீழே எல்லாம் கடல் மணல். வருடக்கணக்கில் அங்கங்கே அமர்ந்து, ஹோலின் நடுவில் ஒரு மேடு, குசினி வாசல் மூலையில் ஒரு பள்ளம் என்று ஆகிவிட்டது. அம்மாவுக்கு இடுப்பு முறிந்து நடைச்சட்டம் பிடித்து நடக்கத் தொடங்கியபோதுதான் அந்தப் பள்ளம் எவ்வளவு பெரிய பிரச்சினை என்று விளங்கியது. சட்டத்தின் ஒரு கால் பள்ளத்தில் இறங்கினால் ஆளே சரிந்துவிடுவார். அதனால் நிலத்தை மட்டமாக்கி, மேலே ஒன்றோடொன்று பூட்டிப் போடும் எஸ்.பி.சி. பலகை (கல்தூளும் பிளாஸ்டிக்கும் சேர்த்துச் செய்தது) விரிப்பது என்று முடிவெடுத்தேன். அந்தப் பலகைப் பெட்டியிலேயே எழுதியிருந்தது: 2 மீற்றர் நீளத்துக்குள் 3 மில்லிக்கு மேல் ஏற்ற இறக்கம் இருக்கக்கூடாது, இருந்தால் பூட்டு உடையும்.

வேலைக்கு வந்த குழு ஹோலில் நின்று ஒரு சுற்றுப் பார்த்தது. அளவு நாடா சுவருக்குச் சுவர் மட்டும்தான் ஓடியது, மேலிருந்து கீழே ஒரு அளவும் எடுக்கவில்லை. "3 மில்லி காணும் அக்கா, தண்ணி மாதிரி ஓடித் தானா மட்டமாகிடும்" என்றார் குழுத் தலைவர். சதுர அடிக்கு இவ்வளவு என்று விலை பேசினார்கள். 520 சதுர அடிக்கு சாமானும் கூலியும் சேர்த்து 125,000 ரூபா. முக்கால்வாசி முற்பணமாகப் போனது.

ஊற்றியது ஆடி மாதம், நல்ல கச்சான் காற்று வீசிய நாள், வெயில் ஏறிய பிறகு. கொண்டு வந்தது 12 பை. கலவை அவர் சொன்னபடியே ஓடத்தான் செய்தது. ஆனால் எங்கே ஓடும்? பள்ளத்துக்குத்தான். குசினி மூலை வாங்கிக்கொண்டே இருந்தது. ஹோலின் மேட்டில் கலவை பூச்சு மாதிரிக்கூட நிற்கவில்லை, கீழே இருந்த சிவப்பு தெரிந்தது. பைகள் முடிந்துவிட, மிச்சத்தைத் தண்ணீர் கூட்டி இழுத்துப் பரப்பினார்கள். திறந்திருந்த யன்னலால் சுடுகாற்று அள்ளி அடித்தது. பின்னேரம் பார்க்கும்போது மேல்பகுதியில் வலைபோல மெல்லிய வெடிப்புகள். கிழமை இரண்டு போனதும் மேட்டில் இருந்தது நகத்தால் சுரண்டினால் மாவாக வந்தது. குசினி மூலையில் தடித்து நின்றது ஓரங்களில் மேலே வளைந்து, தட்டினால் பொள்ளென்று சத்தம் கேட்டது. கேட்டபோது "காய்ந்தால் சரியாகும், மேலே பலகை வரத்தானே போகுது" என்றார்கள். ஒரு அறைக்குப் பலகையும் போட்டார்கள். ஐப்பசி மழை தொடங்கிய பிறகு பலகை நடக்க நடக்கக் கிறீச்சிட்டது, பூட்டுகள் விட்டன. ஒன்றைக் கிளப்பிப் பார்த்தால் கீழே ஈரம், கலவை தட்டுத் தட்டாகக் கழன்று கிடக்கிறது. அன்றைக்கு அழுதேன். காசை நினைத்து மட்டுமில்லை. புது நிலத்தில் பயமில்லாமல் நடக்கலாம் என்று அம்மா காத்திருந்தார், அந்த நிலத்திலேயே அவரை நடக்க விட முடியவில்லை.

இனித் தடிப்பு விஷயத்துக்கு வருகிறேன். "3 மில்லி" என்று ஒருவர் சொன்னால், அது எந்த இடத்தில் 3 மில்லி என்று கேளுங்கள். மேடு பள்ளமான நிலத்துக்கு ஒரே தடிப்பு என்று ஒன்று கிடையாது. மேலே மட்டமாக நிற்க வேண்டுமென்றால், மிக உயர்ந்த இடத்தில் மிகக் குறைந்த தடிப்பும் மிகத் தாழ்ந்த இடத்தில் மிகக் கூடிய தடிப்பும்தான் வரும். பையில் போட்டிருக்கும் குறைந்த தடிப்பு அந்த உயர்ந்த இடத்துக்கான கணக்கு. பையில் போட்டிருக்கும் கூடிய தடிப்பைத் தாழ்ந்த இடம் தாண்டக்கூடாது. இரண்டுக்கும் நடுவில் சராசரி எவ்வளவு என்பதை வைத்துத்தான் எத்தனை பை என்று சொல்ல முடியும். நிலத்தை அளக்காமல் இந்த மூன்றில் ஒன்றையும் யாராலும் சொல்ல முடியாது.

அளப்பதற்குப் பெரிய கருவி வேண்டாம். மேசன்மார் மட்டம் பார்க்க வைத்திருக்கும், தண்ணீர் நிரப்பிய தெளிவான குழாய் போதும். லேசர் மட்டம் வாடகைக்குக் கிடைத்தால் இன்னும் சுகம். சுவரைச் சுற்றி இடுப்பளவில் ஒரு மட்டக்கோடு போட்டு, அறைக்குக் குறுக்கே நூல் பிடித்து, மூன்றடிக்கு ஒரு புள்ளி வைத்து, நூலிலிருந்து நிலம் வரை அளந்து, சோக்கால் அந்த இடத்திலேயே எழுதிவிடுங்கள். எண் சிறிதாக இருக்கும் இடம் மேடு, பெரிதாக இருக்கும் இடம் பள்ளம். எங்கள் வீட்டில் மேட்டுக்கும் குசினி மூலைக்கும் 22 மில்லி வித்தியாசம் வந்தது. மேட்டில் 3 மில்லி நிற்க வேண்டுமென்றால் மூலையில் 25. எல்லாப் புள்ளியையும் கூட்டிச் சராசரி பார்த்தால் 9 மில்லி. இந்தக் கலவை ஒரு சதுர மீற்றருக்கு ஒரு மில்லி தடிப்புக்கு ஏறத்தாழ 1.6 கிலோ தூள் பிடிக்கும். சரியான எண் பையிலேயே இருக்கும், 1.5 முதல் 1.7 வரை பார்க்கலாம். 520 சதுர அடி என்பது 48 சதுர மீற்றர். 3 மில்லி கணக்கில் 230 கிலோ, அதாவது 25 கிலோ பை 10. 9 மில்லிக்கு ஏறத்தாழ 690 கிலோ, 28 பை. 12 பையோடு வந்தால் எப்படி முடியும்? பள்ளிக்கூடப் பிள்ளை போடக்கூடிய இந்தக் கணக்கை, காசு வாங்கி வேலை செய்ய வந்தவர்கள் போட்டுக் காட்டவில்லை என்பதில் எனக்கு இன்றைக்கும் கோபம் இருக்கிறது.

குறைந்த தடிப்புக்கும் கூடிய தடிப்புக்கும் காரணம் உண்டு. மிக மெல்லியதாக விட்டால், சீமெந்து இறுகுவதற்கு வேண்டிய தண்ணீரைக் கீழே இருக்கும் காய்ந்த நிலமும் மேலே இருக்கும் காற்றும் பறித்துவிடும். அது கல்லாகாமல் மாவாகவே நின்றுவிடும். மிகத் தடிப்பாக விட்டால், காயும்போது சுருங்கும் இழுவை கூடும். அந்த இழுவை பிடிமானத்தை வென்றால் வெடிக்கும், ஓரம் மேலே வளையும், கீழே வெற்றிடம் விழும். தண்ணீரும் கூடிப்போனால் மணல் அடியில் தங்கி, மேலே வெள்ளையாக ஒரு பலவீனமான படலம் வந்து நிற்கும். ஒவ்வொரு பையும் ஒவ்வொரு விதம். 1 முதல் 10 மில்லி வரை போடுவது உண்டு, 3 முதல் 30 வரை தாங்குவதும் உண்டு. அதனால் கடையில் பெயரைப் பார்க்காமல் பையின் பின்பக்கத்தைப் பாருங்கள்.

இன்னொரு குழப்பமும் இருக்கிறது, நம்மவர்களுக்கு வெளிநாட்டில் சொந்தம் இருப்பதால் வருவது. லண்டனில் இருக்கும் சித்தப்பாவின் மகன் என் வெடிப்புப் படங்களைப் பார்த்துவிட்டு, "அக்கா, எங்கட வீட்டில 50 மில்லி ஊத்தினவங்கள், நீங்கள் 3 மில்லி ஊத்தினால் வெடிக்கத்தானே செய்யும்" என்றான். அவன் சொன்னது வேறு சாமான். அங்கே சில வீடுகளில் குளிருக்கு நிலத்துக்குள் சுடுநீர்க் குழாய் ஓடுகிறது. அதற்குக் கீழே வெப்பம் போகாத அட்டை விரித்து, குழாய் மூடும்படி லொறியில் கொண்டு வந்து பம்பால் ஊற்றுவார்கள். அதுதான் நிலமே. பல இடங்களில் அது சீமெந்துக்குப் பதில் ஜிப்சம் வகையாகவும் இருக்கும், தொடர்ந்து ஈரம் பட்டால் அது இளகிவிடும். நாங்கள் ஊற்றுவது ஏற்கெனவே இருக்கும் நிலத்துக்கு மேல் ஒரு தோல். அவன் சொன்னபடி 50 மில்லி கேட்டுப் போயிருந்தால் 150 பைக்கு மேல் வாங்க வேண்டி வந்திருக்கும். மேல்மாடி என்றால் பாரமும் கணக்கில் வரும்: 10 மில்லி ஏற்றினாலே சதுர மீற்றருக்கு 20 கிலோ அளவு கூடும்.

உடைத்து அள்ளுவதற்கு 45,000 ரூபா போனது. வீணான பலகை 38,000. இரண்டாம் முறை அப்பாவோடு வேலை செய்த, பாலையூற்றில் இருக்கும் வயதான மேசன் ஒருவரைக் கூப்பிட்டேன். அவர் இந்தக் கலவையைத் தன் கையால் ஊற்றியதே இல்லை. ஆனால் உள்ளே வந்ததும் குனிந்து, கழன்ற ஒரு தட்டை எடுத்துத் திருப்பி, அதன் அடிப்பக்கத்தைத் தடவினார். "பிள்ளை, இதில ஒண்டும் ஒட்டிக்கொண்டு வரேல்ல. நிலத்தில மெழுகு இருக்குது" என்றார். ஒரு துளி தண்ணீரை விட்டுக் காட்டினார். நிலத்துக்குள் இறங்காமல் முத்தாக உருண்டு நின்றது. அம்மா அத்தனை வருடம் போட்ட பொலிஷ். அதன் மேல் 3 மில்லி ஊற்றினாலும் 30 மில்லி ஊற்றினாலும் ஒட்டியிராது. பழைய சிவப்பு நிலம் இருக்கும் வீடுகள் நம்மூரில் நிறைய. அப்படி நிலம் உள்ளவர்கள் தடிப்பைப் பற்றி யோசிப்பதற்கு முதல் இந்தத் தண்ணீர்ச் சோதனையைச் செய்யுங்கள்.

வைரத் தட்டுப் போட்ட கிறைண்டரால் முழு நிலத்தையும் உரசி எடுத்தோம். தூசி பொறுக்க முடியாது, வாய்க்கவசம் இல்லாமல் நிற்கவே கூடாது. அப்போது மேசன் சொன்ன ஒரு யோசனைதான் எங்களுக்கு அதிகக் காசை மிச்சம் பிடித்தது. நடு ஹோலின் மேட்டை இன்னும் 4 மில்லி இறக்கிவிடலாம் என்றார். மேடு இறங்கினால் முழு வீட்டின் சராசரியும் இறங்கும். எங்கள் பரப்புக்கு ஒரு மில்லி என்பது 3 பைக் கலவை, 4 மில்லி என்றால் 12 பை. நான் வாங்கிய நேரத்தில் ஒரு பை 5,000 ரூபாவுக்குக் கிட்ட. ஒரு மேட்டைத் தேய்த்த கூலி அதில் சிறு பங்குகூட இல்லை. ஆகவே அளந்து முடித்ததும் முதலில் கேட்க வேண்டியது எதை உயர்த்துவது என்று இல்லை, எதைத் தேய்க்கலாம் என்றுதான்.

குசினி மூலைப் பள்ளத்தை விலை கூடிய கலவையால் நிரப்பவில்லை. பிணைப்புப் பால் (சாந்தைப் பிடிக்க வைக்கும் வெள்ளைத் திரவம்) கலந்த மணல் சாந்தால், சொரசொரப்பாக விட்டு, மேலே 6, 7 மில்லி மட்டும் மிஞ்சும்படி நிரப்பினார். வெறும் மணல் சீமெந்தை இப்படி மெல்லியதாகப் போட்டால் நிற்காது. அதற்கு ஒரு அங்குலமாவது தடிப்பு வேண்டும், அதனால்தான் அந்தப் பால். அது நன்றாகக் காயும்வரை விட்டோம்.

அப்புறம் ஈரம். அந்தக் காலத்து நிலத்துக்குக் கீழே பொலித்தீன் விரிக்கும் வழக்கம் இருக்கவில்லை. மாரியில் கிணறு மேலே வரும்போது ஈரமும் நிலத்தால் ஏறும். கலவை எவ்வளவு தடிப்பாக இருந்தாலும் அதைத் தடுக்காது. ஈரம் வெளியே போக வழியில்லாமல் மேலே பலகையோ வினைலோ மூடினால் அடியில் தங்கிவிடும். ஒரு பொலித்தீன் துண்டை நான்கு பக்கமும் ஒட்டுநாடாவால் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பார்த்தால் தெரியும்: அடியில் நீர்த்துளியோ நிலத்தில் கருமையோ இருந்தால் ஈரம் ஏறுகிறது. கோடையில் இந்தச் சோதனை நல்ல பதில் தந்தாலும் கரையோரத்து வீட்டுக்காரர் நம்பிவிடாதீர்கள், மார்கழியில் செய்து பாருங்கள். நாங்கள் ஈரத்தைத் தடுக்கும் எபொக்சி இரண்டு பூச்சுப் பூசி, இரண்டாவது பூச்சு ஈரமாக இருக்கும்போதே காய்ந்த மணலைத் தூவினோம். கலவைக்குப் பிடி அந்த மணல்தான். எபொக்சி பூசாத அறைக்கு, கலவை ஒட்டுவதற்கு முதலில் பூசும் பிறைமர் இரண்டு தடவை. முதல் முறை ஊற்றியபோது பிறைமர் என்ற பேச்சே வரவில்லை.

ஊற்றிய நாளை மாசி மாதத்தில் வைத்தோம். மழை விட்டிருக்கும், கச்சான் தொடங்கியிராது. விடியும்போதே ஆரம்பித்தோம். பைகளை முதல் நாள் இரவே உள்ளே நிழலில் வைத்தோம். வெயிலில் நின்ற பரலில் இருந்து தண்ணீர் எடுக்கவில்லை, கிணற்றுத் தண்ணீரும் எடுக்கவில்லை, எங்கள் கிணறு உவர். பைப் தண்ணீரை மட்டும், பையில் சொன்ன லீற்றரைக் கோடு போட்ட வாளியால் அளந்து ஊற்றினோம். 25 கிலோவுக்கு 5 முதல் 6 லீற்றருக்குள் வரும், அதற்கு மேல் ஒரு கோப்பைகூட விடக்கூடாது. சரியான பதம் தோசை மாவை விடச் சற்று இளக்கம். கலந்த பிறகு கிடைப்பது 20 நிமிடம் அளவு, நமது சூட்டில் இன்னும் குறையும். அதனால் ஒருவர் கலக்க, ஒருவர் சுமக்க, ஒருவர் பரப்ப, இடைவிடாமல் போக வேண்டும். நிலத்தில் சிறு திருகாணிகளை முடுக்கி, அவற்றின் தலையை வேண்டிய மட்டத்துக்கு வைத்திருந்தோம். கலவை ஆணித் தலையைத் தொட்டதும் அந்த இடத்துக்குப் போதும் என்று தெரியும். முள் உருளையால் காற்றுக் குமிழியை எடுத்தோம். யன்னல் எல்லாம் சாத்தி, மின்விசிறி நிறுத்தி. சுவரோரம் முழுக்க மெல்லிய ஸ்பொஞ் பட்டி. பழைய வீடும் சேர்த்துக் கட்டிய பகுதியும் சந்திக்கும் கோட்டில் ஒரு இடைவெளி விட்டு, அதன் மேல் ஊற்றாமல் பிரித்தோம். இரண்டும் தனித்தனியாக அமரும் நிலங்கள், மேலே ஒன்றாக மூடினால் அந்தக் கோட்டிலேயே வெடிக்கும். கதவுகளை முன்கூட்டியே கழற்றி அடியில் சீவி வைத்தோம், இல்லையென்றால் 5 மில்லி உயர்ந்ததும் திறக்காது.

18 பை வாங்கினோம், 15 போனது. மிச்சத்தைத் திருப்பி எடுக்கக் கடைக்காரர் முதலிலேயே ஒத்துக்கொண்டிருந்தார். குறையாக வாங்கி நடுவில் நிற்பதை விட இது நல்லது, கொழும்பிலிருந்து இன்னொரு பை வரும்வரை ஊற்றிய பாதி காத்திருக்காது. வாங்கும்போது பையின் திகதியையும் பாருங்கள். கடற்காற்றுப் பட்டுக் கட்டி தட்டிய பையை அரித்துப் பாவிக்கச் சொன்னால் வாங்காதீர்கள்.

ரைல்ஸ் போடப் போகிறவர்கள் என்னைக் கேட்டால் பெரும்பாலும் இந்தச் செலவே வேண்டாம் என்பேன். சில மில்லி ஏற்ற இறக்கத்தை ரைல்ஸ் பசையே எடுத்துக்கொள்ளும், அதற்கு மேல் என்றால் நல்ல மேசன் மணல் சாந்தால் சரிசெய்வார். குளியலறைக்கு இது சரிவராது, அங்கே தண்ணீர் ஓட வாட்டம் வேண்டும், இந்தக் கலவை மட்டமாகத்தான் நிற்கும். மேலே ஒன்றும் போடாமல் இதையே நிலமாகப் பாவிக்கலாம் என்று யாராவது சொன்னால், அந்தப் பையில் அப்படி எழுதியிருக்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலானவை மேலே இன்னொன்று வருவதற்கான அடித்தளம், தேய்வைத் தாங்காது.

முற்பணம் கொடுக்கும் முன் மேடு எங்கே, பள்ளம் எங்கே, இரண்டிலும் எத்தனை மில்லி வரும், சராசரி எவ்வளவு, எத்தனை பை, பிறைமர் எது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். சதுர அடிக் கணக்கை மட்டும் சொல்பவரிடம் அந்தத் தாளை நீட்டினாலே வேலை தெரிந்தவரா என்று விளங்கிவிடும். எழுத மறுத்தால் விட்டுவிடுங்கள், வேறு ஆள் வருவார்.

பின் அறை இன்னும் பாக்கி. போன கிழமை அளந்தோம், மேட்டுக்கும் பள்ளத்துக்கும் 31 மில்லி. கடையில் 30 மில்லி தாங்கும் கலவை இருக்கிறது என்றார்கள். மேசன் வேண்டாம் என்றுவிட்டார், எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. அங்கே பழைய நிலத்தையே கிளப்பி, மணலை இடித்து இறுக்கி, பொலித்தீன் விரித்து, புதுக் கொன்கிறீற் போடப் போகிறோம். தை பிறந்து மழை விட்ட பிறகு வேலை.